ஆண்குறி விறைப்புக் குறைபாட்டுக்குச் சீக்கிரம் வேலை செய்யும் மாத்திரை வேண்டுமா?

எனக்கு வயது 54, சர்க்கரையும் உண்டு. டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்தது 50 மி.கி. சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் மருந்து. பரோட்டாவும் சுக்காவும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்ததுதான் மிச்சம். கொழுப்புச் சாப்பாடு அதைச் சுமார் ஒரு மணி நேரம் தள்ளிப்போடும். வெறும் வயிற்றில் என்றால் 30 முதல் 60 நிமிடம்.

அதைவிட வேகம் வேண்டுமென்றால் அவனாஃபில் ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உறவுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னால் போட்டால் போதும். நாக்கில் கரையும் வார்டெனாஃபிலும் உண்டு, தண்ணீர் குடிக்கக் கூடாது. கரைவதால் வேகம் என்று ஏமாறாதீர்கள், அதையும் ஒரு மணி நேரம் முன்னால்தான் போட வேண்டும். அப்புறம், ஆசை இல்லாமல் எந்த மாத்திரையும் வேலை செய்யாது.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். விறைப்பு 4 மணி நேரத்தைத் தாண்டினால் வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.