புலி, புளி, டியூக், டக்: வெஸ்டர்ன் பட வினாடி வினா நடத்துவது எப்படி

வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் தன் பட்டப்பெயரை 'தேவனாம்பட்டினம் புலி' என்று தட்டப்போய் 'புளி' என்று அனுப்பிவிட்டானா? அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், வெஸ்டர்ன் (கௌபாய்) பட வினாடி வினாவின் முதல் கேள்வி அதிலிருந்துதான். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும்போது ல, ள மாறுவது சகஜம். ஆனால் தானாக விழுந்த பிழை மட்டுமே செல்லும். வேண்டுமென்றே 'எலி' என்று எழுதினால் அது கிண்டல் இல்லை, வம்பு.

ஆறு பேர், இரண்டு அணி. எட்டைத் தாண்டினால் இருவர் பதில் சொல்வார்கள், மற்றவர்கள் சுண்டல் தின்பார்கள். இடம், கடலூரில் சில்வர் பீச். புதுச்சேரியில் கடற்கரைச் சாலை. காந்தி சிலைக்குப் பக்கத்தில் கூட்டம், கேள்வி காதில் விழாது. சற்றுத் தள்ளி உட்காருங்கள். கேள்விகளைக் கெட்டி அட்டையில் எழுதி ரப்பர் பேண்ட் போடுங்கள், துண்டுச்சீட்டு கடற்காற்றுக்குத் தாங்காது. போன்கள் எல்லாம் ஒரே துணிப்பையில். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 30 நொடி. சரியான பதிலுக்கு 2, அடுத்த அணிக்குத் தாண்டினால் 1.

முதல் கேள்வி 'புளி' என்று அனுப்பியவனுக்குத்தான்: 'மாப்ள, உன்னைப்போல எழுத்து மாறி மானம்போன துப்பாக்கிக்காரன் யார்?' விடை, 1992-இல் வந்த 'அன்ஃபர்கிவன்' படத்தின் இங்கிலிஷ் பாப். அவன் வீரக்கதைப் புத்தகத்தில் 'டியூக் ஆஃப் டெத்' என்று இருப்பதை, ஷெரிஃப் லிட்டில் பில் 'டக், டக்' என்றே வாசிப்பான். மரணத்தின் கோமகன் வாத்தாகிவிடுவான். ஷெரிஃபாக வந்த ஜீன் ஹேக்மேனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதைத் துணைக்கேள்வியாக வையுங்கள். அடுத்தது, வெஸ்டர்ன் பட நடிகர் ஜான் வெய்னுக்கு 'டியூக்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சிறுவயதில் அவர் வீட்டு நாயின் பெயர் அது. பாதிப்பேர் ஏதோ படத்தின் பாத்திரம் என்பார்கள்.

சண்டை மூளும் இடம் கிளின்ட் ஈஸ்ட்வுட். அவர் நடித்த 'பெயரில்லாதவன்' பாத்திரத்தை வைத்து, 'பெயரில்லாதவனின் பெயர் என்ன?' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் மூன்று படங்களில் அவனை ஜோ, மொங்கோ, பிளாண்டி என்று வெவ்வேறு விதமாகக் கூப்பிடுகிறார்கள். எந்தப் படம் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். மொங்கோவை 'மாங்கோ' என்று எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள்: ஒரு கை இல்லாதவனுக்கு இத்தாலிய மொழியில் மொங்கோ, ஸ்பானிய மொழியில் மாங்கோ. துப்பாக்கிக்கென்றே வலது கையை ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் இடது கையால் செய்கிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான். மாம்பழம் என்று எதிரணி சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆண்டுக் கேள்வியிலும் கவனம். அந்த மூன்றும் இத்தாலியில் 1964, 1965, 1966-இல் வெளிவந்தவை. அமெரிக்காவில் மூன்றுமே 1967-இல்தான். நாட்டைச் சொல்லாமல் கேட்டால் இரு அணியும் சரி, நடத்துபவர்தான் தப்பு. சிரமமானவற்றை நடுவில் வையுங்கள். கடைசி நாலு கேள்வி எல்லாரும் பார்த்த 'மெக்கன்னாஸ் கோல்ட்' போன்ற படமாக இருந்தால் தோற்கிற அணியும் எழுந்து போகாது.

தோற்ற அணி டீயும் மசாலாப் பொரியும் வாங்கும். புளி ஜெயித்தால் பெயர் அன்றிரவே புலியாகும். தோற்றால் அடுத்த ஞாயிறுவரை குழுவில் புளிதான், கூடவே ஒரு வாத்துப் படம்.