அழுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்: மேடைக்கும் திரைக்கும் நடிப்புப் பயிலும் முறை

நடிப்புக் கற்க வருகிறவர்களில் பலர் முதல் வேலையாகக் கண்ணாடி முன் நின்று அழுது பார்க்கிறார்கள். புருவம் சுருங்குகிறது, உதடு துடிக்கிறது, கண்ணில் மட்டும் ஒன்றும் இருப்பதில்லை. இவர்களுக்கு நான் முதலில் காட்டுவது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத்தான். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும் அந்த இயல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காக நிலைக்களன்களை அடுக்குகிறது. அழுகைக்கு அது தருபவை இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் அழுபவரும், பறிகொடுத்ததால் அழுபவரும், இருந்த நிலை தளர்ந்ததால் அழுபவரும், இல்லாமையால் அழுபவரும் ஒரே மாதிரி அழுவதில்லை. ஆகவே முகத்தை விட்டுவிட்டு, உங்கள் பாத்திரம் இந்த நான்கில் எதனால் அழுகிறது என்று தீர்மானியுங்கள். ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி ‘இந்தச் சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்’ என்று கேட்டுக்கொள்ளச் சொன்னதும் ஏறக்குறைய இதே வழிதான்.

இதை ஒரு சிறு காட்சியில் செய்து பார்க்கலாம். அண்ணன் ஒருவன் தங்கையின் சங்கிலியை அடகு வைக்கக் கேட்க வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய முதல் வசனம், “சாப்பிட்டியாம்மா?” என்பது. வசனத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வினைச்சொல்லை எழுதுங்கள்: ‘தாஜா செய்கிறான்’. அடுத்த முறை அதை அழித்துவிட்டு ‘ஆழம் பார்க்கிறான்’ என்று எழுதிப் பேசுங்கள். மூன்றாம் முறை ‘தள்ளிப்போடுகிறான்’. சொல் மாறவில்லை, ஆனால் நீங்கள் வாசலில் நிற்கும் விதமும், தங்கையின் கழுத்தைப் பார்க்கும் நேரமும், அவள் பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமையும் தாமாகவே மாறியிருக்கும். ‘சோகமாக’, ‘கோபமாக’ என்று ஓரத்தில் எழுதுபவர்கள் மீண்டும் கண்ணாடிக்கே போய்ச் சேர்கிறார்கள். வசனத்தை மனப்பாடம் செய்யும் வேலையை இந்தக் குறிப்புகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்பே ஒரு ராகத்தில் மனப்பாடம் ஆகிவிட்ட வசனத்தை அந்த ராகத்திலிருந்து பிரிப்பது பெரும்பாடு.

குரலில் தமிழ் நடிகருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பழகாத நடிகருக்கோ அங்கேதான் மூச்சுத் தீர்ந்து குரல் இறங்குகிறது. ‘அவன் நேற்று ராத்திரி ஊருக்கு’ என்பது வரை அரங்கம் முழுவதும் கேட்கும். வந்தானா, வரவில்லையா என்பது கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. தினமும் பத்து நிமிடம் செய்தித்தாளை உரக்கப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் முதல் சொல்லின் அளவுக்கே தாங்கிப் பிடியுங்கள். தொண்டையைக் கிழித்துக் கத்துவதால் ஒலி தூரம் போகாது. வயிறு விரிய மூச்சை இழுத்து, அதை வாக்கியத்தின் முடிவு வரை பங்கிட்டுச் செலவழிக்கப் பழக வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டையும் கூடவே கவனியுங்கள், ஆனால் சென்னைத் தெருவில் நிற்கும் பாத்திரத்துக்கு இலக்கணச் சுத்தமான ழகரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. 1959-இல் தொடங்கப்பட்ட டெல்லி தேசிய நாடகப் பள்ளி மூன்றாண்டு முழுநேரப் படிப்பைத் தருகிறது. பட்டமும் நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் இருப்பவர்களையே அது எதிர்பார்க்கிறது. நாடகத்தைக் கல்வியாகப் பயில விரும்புவோர்க்கு அருகில் இருப்பது புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை. சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்மொழியை நவீன நாடகத்துக்குள் கொண்டுவந்தது. பசுபதி அங்கே பயின்றவர், விஜய் சேதுபதி அங்கே கணக்கராக இருந்துகொண்டு நடிகர்களை அருகிலிருந்து பார்த்தவர். எங்கே சேர்ந்தாலும், சேருமுன் ஒரு வகுப்பையாவது உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நான் முதலில் பணம் கட்டிய ஓரிடத்தில் மூன்று மாதமும் சண்டையும் நடனமும்தான் நடந்தன. எதிரில் நிற்பவர் பேசுவதைக் கேட்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மேடையில் பழகியவர் கேமரா முன் வரும்போது நடிப்பைக் ‘குறைக்க’ வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. குறைவது உடலின் அளவுதான். உள்ளே நடப்பது அப்படியே இருக்க வேண்டும். கைபேசியைக் கண் மட்டத்தில் நிறுத்தி, அடகுக் காட்சியை முழு உருவம், இடுப்பளவு, முகம் மட்டும் என மூன்று அளவுகளில் பதிவு செய்யுங்கள். முழு உருவத்தில் சரியாகத் தெரிந்த தலையாட்டல் குளோசப்பில் படத்தின் சட்டத்தை விட்டே வெளியேறிவிடும். கண்ணிமை காரணமின்றிப் படபடப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடப்பதில்லை. காலையில் தங்கையின் சாவு, மதியம் அவளுடைய நிச்சயதார்த்தம் என்று எடுப்பார்கள். ஆகவே ஒவ்வொரு காட்சிக்கும் முந்தைய கணத்தில் பாத்திரம் எங்கே இருந்தது, எந்த மனநிலையில் வந்தது என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கன்டினியூட்டி, அதாவது ஒரு டேக்கில் செய்தது அடுத்த டேக்கிலும் மாறாமல் தொடர்வது, பாதி உங்கள் பொறுப்பு: காபி டம்ளரை எந்தக் கையில், எந்தச் சொல்லில் தூக்கினீர்களோ, அடுத்த டேக்கிலும் அதே சொல்லில் தூக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் நன்றாக நடித்த டேக்கை எடிட்டரால் பயன்படுத்த முடியாமல் போகும். பல தமிழ்ப் படங்களில் வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் பேச வேண்டியிருப்பதால், படப்பிடிப்பில் எங்கே மூச்சு விட்டீர்கள் என்பதையும் அந்த நோட்டிலேயே குறித்து வையுங்கள். மாதங்கள் கழித்து இருட்டறையில் மைக் முன் நிற்கும்போது, உதடு அசைவைத் துரத்திக்கொண்டிராமல் அந்த மூச்சிலிருந்தே பேசத் தொடங்கலாம்.