பிரிட்ஜையும் வோஷிங் மெஷினையும் சேதமில்லாமல் புது வீட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து உவர்மலைக்கு நாங்கள் வீடு மாறியபோது, மொத்தத் தூரமே சில கிலோமீற்றர்தான். 'இதற்கு என்ன பெரிய ஆயத்தம்?' என்று பிரிட்ஜைப் பட்டா என்கிற சின்ன லொறியில் படுக்கப் போட்டு, இறக்கிய கையோடு பிளக்கையும் சொருகிவிட்டோம். பால் காய்ச்ச நல்ல நேரம் நெருங்குகிற அவசரம். பால் பொங்கியது; பிரிட்ஜ் அதற்குப் பிறகு ஒழுங்காகக் குளிரவேயில்லை. பால் காய்ச்ச அடுப்பு போதும் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் வேலை, அளவு. பிரிட்ஜின் அகலம், ஆழம், உயரம் எல்லாம் எடுத்து, புது வீட்டுக் கதவு, கேற், படி திரும்பும் இடம் மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கைபிடி நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். தூக்குகிறவர்களின் கைக்கும் இடம் வேண்டுமே!

முதல்நாளே பிரிட்ஜை நிறுத்தி, கதவைத் திறந்து வையுங்கள். ஐஸ் தானாகக் கரையட்டும். கத்தியால் குத்திக் கிளப்பவே வேண்டாம். அந்தச் சுவருக்குள்தான் காஸ் குழாய் ஓடுகிறது. இப்போது வருகிற பல பிரிட்ஜ்களில் தீப்பற்றக்கூடிய ஆர்600ஏ காஸ் இருக்கிறது. பின்பக்கத்துத் தட்டில் தேங்கிய தண்ணீரையும் ஊற்றிவிட்டு, உள்ளே நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்துப் பழைய சேலையில் சுற்றலாம்.

வோஷிங் மெஷினில் தண்ணீர்ப் பைப்பை மூடி, வடிகுழாயை வாளிக்குள் தாழ்த்திப் பிடித்தால் மிச்சத் தண்ணீர் இறங்கும். முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால், வாங்கியபோது பின்னால் இருந்த நீளமான போல்ட்டுகளைத் தேடுங்கள். டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. போல்ட் பூட்டாமல் லொறியில் குலுங்கினால் உள்ளே அடிபடும். எங்கள் வீட்டில் அவை குசினி லாச்சியில், திருகாணிகளோடு ஒரு பையில் கிடந்தன. போய்ச் சேர்ந்ததும் கழற்ற மறக்கக் கூடாது. போல்ட்டோடு ஓடவிட்டால் மெஷின் அறையெல்லாம் நடக்கும்! மேலே திறக்கும் மெஷினுக்கு, தொட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே மடித்த பெட்சீட்டைச் செருகினால் சரி.

ஏற்றும்போது பிரிட்ஜ் நின்றபடியே வரவேண்டும். படுத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். தூக்கும்போதும் 45 பாகைக்கு மேல் சரிக்காதீர்கள். டிரைவர் பக்கத்துத் தகட்டோடு முதுகைச் சாய்த்து, இடையில் மெத்தையை வைத்து, நடுவிலும் மேலேயும் இரண்டு கட்டு கட்டுங்கள். உவர்மலை ஏற்றத்தில் பாரம் எல்லாம் பின்னுக்குத்தான் இழுக்கும். கிண்ணியாப் பக்கம் போகிறவர்கள் பாக்கியசாலிகள். 2009இல் பாலம் திறந்த பிறகு, பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றிக் கடலைக் கடக்கிற பாடு இல்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் தறப்பாள் கட்டாயம்.

12.5 கிலோ காஸ் சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி, நிமிர்த்தி, திறந்த லொறியில்தான் வரவேண்டும். மூடிய வேன் வேண்டாம்.

இறக்கிய பிறகுதான் பொறுமை தேவை. நின்றபடி வந்த பிரிட்ஜுக்கு நாலு மணித்தியாலம் ஓய்வு கொடுங்கள். படுத்து வந்ததென்றால் ஒரு முழு நாள். பிளக் பொயின்ட்டையும் பாருங்கள். பழைய வீடுகளில் உருண்டைக் கால், புதியதில் 13 அம்பியர் சதுரக் கால். பொருந்தாவிட்டால் மலிவான அடாப்டரைச் செருகாமல் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்று நேரே படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், பின்பக்கக் கம்பி கறள்பிடிக்கும்.

கடைசியாகக் கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். மெல்லத் தானாக மூடினால் மட்டம் சரி. திறந்தபடியே நின்றால் முன்கால் திருகை அரைச்சுற்று உயர்த்தி மறுபடி பாருங்கள்.