பூட்டீன் வாரம்: காரைக்குடியிலிருந்து மான்ட்ரியல் போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்கக் கனடா போய்வருகிறவர்கள் நம் பக்கத்தில் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எல்லாரும் குளிருக்குப் பயந்து மே, ஜூனில்தான் டிக்கெட் போடுகிறார்கள். பிள்ளை மான்ட்ரியலில் இருந்தால் ஒரு தடவையாவது ஜனவரி கடைசியில் போங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் அங்கே ‘லா பூட்டீன் வீக்’ நடக்கும், பூட்டீன் என்ற உருளைக்கிழங்குச் சாப்பாட்டுக்கென்றே ஒரு திருவிழா. 2013-இல் மான்ட்ரியலில் தொடங்கியது, இப்போது கனடாவின் மற்ற ஊர்களுக்கும் பரவிவிட்டது. சேருகிற உணவகம் ஒவ்வொன்றும் அந்த வாரத்துக்கென்றே ஒரு புது பூட்டீனைச் செய்து வைக்கும். சாப்பிடுகிறவர்கள் ஓட்டுப் போட்டு எது நன்றாக இருந்தது என்று சொல்வார்கள்.

நான் காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை என்று எண்ணெய்ச் சட்டி முன்னால்தான் என் நாள் போகும். மகள் மான்ட்ரியலில் இருப்பதால் இந்தப் பூட்டீன் எனக்குப் பழக்கமானது. போகிறவர்கள் “என்ன ஆச்சி, உருளைக்கிழங்குமேல் குழம்பு ஊற்றினால் அதற்கு ஒரு திருவிழாவா?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பூட்டீன் என்றால் மூன்றே பொருள். பொரித்த உருளைக்கிழங்கு, அன்றைக்கே எடுத்த இளம் சீஸ் கட்டி, மேலே கொதிக்கிற பழுப்பு நிறக் கிரேவி. 1950-களின் கடைசியில் கியூபெக் மாகாணத்தின் பால்பண்ணை ஊர்களில் பிறந்தது. வார்விக் என்ற ஊரில் 1957-இல் பெர்னான் லாஷான்ஸ் என்பவர் நடத்திய உணவகத்தில், வாடிக்கையாளர் ஒருவர் உருளைக்கிழங்கையும் சீஸ் கட்டியையும் ஒரே பையில் போட்டுத் தரச் சொன்னதுதான் தொடக்கம் என்று ஒரு கட்சி. கிரேவி அதற்குப் பிறகு வந்தது. டிரம்மண்ட்வில் ஊரில் ‘லு ருவா ஜுசெப்’ நடத்திய ழான்-பால் ருவா 1964-இல் மூன்றையும் சேர்த்துப் பரிமாறினார், அதுவே முதல் பூட்டீன் என்று இன்னொரு கட்சி. பக்கத்திலேயே சீஸ் ஆலைகள் இருந்ததால் அந்த ஊர்களில் இது சாத்தியமானது, அதில் இரண்டு கட்சிக்கும் தகராறு இல்லை. வெகுகாலம் இதை ஏழைச் சாப்பாடு, நடுராத்திரிச் சாப்பாடு என்று கேலி செய்தார்கள். 2001-இல் மார்ட்டின் பிக்கார் என்ற சமையல்காரர் மான்ட்ரியலில் ‘ஓ பியே து கொஷோன்’ என்ற உணவகத்தைத் திறந்து, கொழுத்த வாத்தின் ஈரலை வைத்துப் பூட்டீன் போட்டார். அதற்குப் பிறகு பெரிய உணவகங்களும் இதைத் தைரியமாகத் தொட ஆரம்பித்தன.

முதல் வேலை, போனவுடன் திருவிழா வகைகளில் கை வைக்காதீர்கள். மூன்று பொருள் மட்டும் உள்ள சாதாரணப் பூட்டீனை ஒரு நல்ல இடத்தில் சாப்பிடுங்கள். 1968-இல் திறந்த ‘லா பாங்கீஸ்’ ரஷேல் தெருவில், லா ஃபொன்தேன் பூங்கா பக்கத்தில் இருக்கிறது. அங்கே முப்பதுக்கு மேல் வகை உண்டு. பட்டியலைப் பார்த்து மயங்காமல் ‘கிளாசிக்’ என்று கேளுங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நம் ஊர்தான். உலகம் முழுக்கச் ‘செட்டிநாடு’ என்று எழுதி மிளகாய்த்தூளைக் கொட்டிச் சிவப்புக் குழம்பு விற்கிறார்கள். உப்புக்கறியில் குண்டு மிளகாயும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயும் எப்படி ஒன்றுக்கொன்று இடம் கொடுக்கின்றன என்று தெரியாமலே ஒருவர் “எங்கள் புதுமை” என்கிறார், சாப்பிடுகிறவருக்கும் மூலம் தெரியாததால் அதுவே செட்டிநாடு ஆகிவிடுகிறது. நம் சாப்பாட்டுக்கு நடக்கிற இந்த அநியாயத்தை இன்னோர் ஊர்ச் சாப்பாட்டுக்கு நாம் செய்யக்கூடாது.

சீஸ் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தவறவிடுவது இதைத்தான். செடார் சீஸ் செய்யும்போது, அழுத்திப் பழுக்க வைப்பதற்கு முன்னால் துண்டு துண்டாக எடுத்து உப்புப் போட்டது இது. அன்றைய கட்டியைக் கடித்தால் ஈரத் தரையில் புதுச் செருப்பு இழுபடுவது போலப் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். பாலிலுள்ள புரதம் கால்சியத்தின் பிடிப்பில் வலை போல இறுகி, ரப்பராக நிற்கிறது. அது பல்லில் உரசுகிற சத்தம்தான் இது. நேரம் போகப் போகப் புளிப்பு ஏறி, கால்சியப் பிடிப்பு தளர்ந்து சத்தம் அடங்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் போய்விடும், லேசாகச் சூடுபட்டால் கொஞ்சம் திரும்பி வரும். ழான்-தாலோன் சந்தையில் ‘ஃப்ரோமாஜ் ஆன் க்ரேன்’ என்று பையில் விற்பார்கள். பூட்டீனுக்கு முன்னால் வெறுமனே வாங்கி ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். அந்தச் சத்தம் காதில் பதிந்துவிட்டால், திருவிழாவில் துருவிய மொசரெல்லாவைப் போட்டு ஏமாற்றுகிற தட்டை ஒரே வாயில் கண்டுபிடித்துவிடலாம்.

உருளைக்கிழங்கில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். நல்ல கடையில் இரண்டு தடவை பொரிப்பார்கள். முதல் தடவை 150 டிகிரி வாக்கில் உள்ளே வேக, இரண்டாவது தடவை 185 வாக்கில் மேலே மொறுமொறுப்புக் கட்ட. ஒரே தடவையில் பொரித்தது கிரேவி பட்டவுடன் நமுத்துக் குழைந்துவிடும். ரொம்ப மெல்லிசாக நறுக்கியதும் வேண்டாம், கிரேவியைத் தாங்க உள்ளே மாவுச்சதை இருக்க வேண்டும்.

கிரேவி தண்ணீரும் இல்லாமல் பசையும் இல்லாமல், மிளகு வாசத்தோடு இருக்கும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இங்கேதான் விழித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான கிரேவி மாட்டெலும்பும் கோழியும் வேகவைத்த சாற்றில் செய்வது. மேலே மாட்டுக்கறித் துண்டு தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. ‘ஸ்மோக்ட் மீட்’ என்று மான்ட்ரியலில் போட்டிருந்தால் அது மாட்டின் நெஞ்சுக்கறி. பட்டியல் பிரெஞ்சில் இருக்கும்: ‘பஃப்’ மாடு, ‘போர்’ பன்றி, ‘பூலே’ கோழி, ‘கனார்’ வாத்து. ‘சோஸ் வெஜே’ இருக்கிறதா என்று கேட்டால் பல இடங்களில் காளான் சாற்றில் செய்த கிரேவி கிடைக்கும். எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள், மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிற கடைகளும் உண்டு. சுத்த சைவக்காரர்கள் சீஸையும் விசாரிக்க வேண்டும். பாலை உறைய வைக்கிற ரென்னெட் சிலதில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தது, சிலதில் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. நாம் கேட்பதை அங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை, உள்ளே போய் டப்பாவைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள்.

இனித் திருவிழாத் தட்டுகளுக்கு வருவோம். எந்த உணவகம் என்ன போடுகிறது என்பது படத்தோடு முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். மகளோ மருமகனோ கூட உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். என் வழி இது: மேலே அடுக்கியிருக்கிற சாமான் அதிகமாக இருக்கிற படத்தை முதலில் தள்ளிவிடுவேன். பொரித்த கோழி, அதன்மேல் இரண்டு வகைச் சாஸ், அதன்மேல் ஊறுகாய், வெங்காய வளையம் என்று கோபுரமாக நிற்பது படத்துக்கு அழகு, சாப்பிடும்போது கீழே இருக்கிற உருளைக்கிழங்கு மூச்சு முட்டிக் கிடக்கும். மூன்று பொருளில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் விட்டுவைத்த வகைகளைத் தேடுங்கள். கிரேவியை மாற்றியவர்கள்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள்.

கனடாவில் பட்டர் சிக்கன் பூட்டீன் எங்கும் உண்டு. நம்மவர்கள் நேராக அதற்குத்தான் போவார்கள். நான் சாப்பிட்டவற்றில் ஒன்று, இனிப்பும் கிரீமும் சேர்ந்து சீஸின் உப்பை முழுங்கிவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு வெண்ணெய்ச் சுவையாகவே இருந்தால் நாக்கு எதில் நிற்கும்? வேறோர் இடத்தில் காளானையும் கறுத்துப்போகும்வரை வதக்கிய வெங்காயத்தையும் வைத்து ஒரு கிரேவி செய்திருந்தார்கள். மிளகு தூக்கலாக, லேசான புளிப்போடு, சீஸ் பாதி இளகிப் பாதி நின்று, கடைசி உருளைக்கிழங்குவரை மொறுமொறுப்பு விடவில்லை. பேரன் “ஆயா, உனக்கு ஓட்டுப் போடத் தெரியுமா?” என்றான், என் கைப்பேசியில் அவனே போட்டுக் கொடுத்தான். வாத்துக்கறியைப் பிய்த்துப் போட்ட வகைகளும் பொதுவாக நன்றாக இருக்கும், அந்தக் கொழுப்பு கிரேவியோடு ஒட்டிப்போகிறது. இறால், நண்டு போட்டதில் சீஸோடு சண்டை. எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம்.

தட்டு வந்ததும் கலக்காதீர்கள். நம் கை சோறு பிசைகிற பழக்கத்தில் உடனே கிளறிவிடும். முதலில் ஓரத்தில் கிரேவி படாத ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தனியாகத் தின்று பாருங்கள். அடுத்து ஒரு சீஸ் கட்டி. பிறகு கரண்டி நுனியில் கிரேவி மட்டும். அதற்குப் பிறகு மூன்றும் சேர்ந்த ஒரு வாய், கடைசியாக மேலே வைத்த புதுச் சாமானோடு ஒரு வாய். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அடியிலிருந்து ஒரு வாய் எடுங்கள். அடியில் சீஸ் இருக்கிறதா பாருங்கள். அக்கறை உள்ள சமையல்காரர் பாதி உருளைக்கிழங்கு, பாதி சீஸ், மறுபடி உருளைக்கிழங்கு, மறுபடி சீஸ் என்று இரண்டு அடுக்காகப் போட்டிருப்பார். அந்த ஐந்து நிமிட வாயை வைத்துத்தான் ஓட்டை முடிவு செய்கிறேன்.

ஒரு தட்டை மூன்று பேர் பகிருங்கள். வயிற்றில் கல்லாக உட்காருகிற சாப்பாடு இது, ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். வார நாளில் பிற்பகல் மூன்று மணி சுமாருக்குப் போனால் கூட்டம் இருக்காது, சமையலறையும் நிதானமாக இருக்கும். வீட்டுக்கு வரவழைக்காதீர்கள். மூடிய பெட்டியில் ஆவி அடைந்து வந்து சேருவதைச் சாப்பிட்டுவிட்டு அந்த உணவகத்துக்கு மதிப்பெண் போடுவது நியாயமே கிடையாது. இடையில் குளிர்ந்த கோலா குடித்தால் கொழுப்பு அண்ணத்தில் உறைந்துவிடும், வெந்நீரோ பால் இல்லாத தேநீரோ கேளுங்கள். பட்டியலில் உள்ள விலையோடு ஏறக்குறைய 15 சதவீதம் வரி சேரும், உட்கார்ந்து சாப்பிட்டால் பரிமாறுகிறவருக்குச் சுமார் 15 சதவீதம் வைப்பது அங்கே வழக்கம். பிப்ரவரியில் பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும், இரவில் -13 சாதாரணம். நம் ஊர்ச் செருப்பும் கம்பளிச் சால்வையும் உதவாது, பனியில் வழுக்காத பூட்ஸை மகளிடம் முன்னாலேயே சொல்லி வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கமாக உள்ள இடங்களாகவே தேர்ந்தெடுத்தால் முட்டிவலிக்காரர்களும் சமாளிக்கலாம்.

பெரிய குளிர் வேண்டாம் என்கிறவர்களுக்கு டிரம்மண்ட்வில்லில் ஆகஸ்ட் கடைசிவாக்கில் வேறொரு பூட்டீன் திருவிழா உண்டு. 2008-இல் தொடங்கியது, பாட்டும் கச்சேரியும் சேர்ந்தது. நான் போனதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆசை வரும். இளம் சீஸ் கட்டி இங்கே கிடைக்காது. பன்னீர் போடாதீர்கள், பாலைப் புளிப்பில் திரித்தது கிரேவிச் சூட்டில் இளகாது. கட்டி மொசரெல்லாவை வாங்கிக் கையால் பிய்த்து, அரைமணி வெளியே வைத்துவிடுங்கள். கீச்சுச் சத்தம் வராது, இளகுகிற குணமாவது கிடைக்கும். உருளைக்கிழங்கு குளிர்கிடங்கில் இருந்து வந்ததாக இருந்தால் சர்க்கரை ஏறியிருக்கும், உள்ளே வேகுமுன் மேலே கருகும். விரல் கனத்துக்கு நறுக்கித் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, துணியில் ஈரம் போகத் துடைத்து, கடலையெண்ணெயில் இரண்டு தடவை பொரியுங்கள். ஆட்டெலும்பை மிளகு, சோம்பு, ஒரு துளி கல்பாசியோடு வேகவைத்து வடிகட்டுங்கள். வெண்ணெயில் மைதாவைப் பழுப்பாக வறுத்து, அந்தச் சாற்றை விட்டுக் கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்குக் காய்ச்சுங்கள். மிளகாய்த்தூள் வேண்டாம். மேலே உப்புக்கறி வைப்பதானால் எண்ணெயை நன்றாக வடித்து, கறியைச் சின்னதாகப் பிய்த்து ஒரு கைப்பிடி மட்டும், கிரேவி ஊற்றிய பிறகு வையுங்கள். எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் கிரேவியை ஊற்ற வேண்டும்.