முக்கோணக் கல்லை முனை உடையாமல் பதிப்பது எப்படி?

நகையில் வட்டக் கல் பதிக்க வந்துவிட்டது என்ற தைரியத்தில் முக்கோணத்தில் கை வைத்தேன். இரண்டு அமெதிஸ்ட் (ஊதாக் கல்) போயின, இரண்டும் முனையில்தான் உடைந்தன. மூன்றாவது தப்பித்தது. அதில் என்ன மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு. பற்றவைப்பு, மெருகு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் எடுத்தது 6 மி.மீ. கல், 925 வெள்ளியில் கல்லைப் பிடிக்க மூன்று நகம் வைத்த கூடு. நகம் ஒவ்வொன்றும் ‘வி’ போல மடிந்து முனையை அணைக்கும். பழகுவதற்கு அமெரிக்கன் டைமண்ட் போதும். கடினமான கல்தானே என்று புஷ்பராகத்தை (டோபாஸ்) எடுக்காதீர்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 8, அமெதிஸ்ட் 7. ஆனால் புஷ்பராகத்துக்கு ஒரு தளத்தில் அப்படியே பிளந்துகொள்ளும் குணம் உண்டு.

1. கல்லின் ஒரு முனையிலும் ஒரு நகத்திலும் மார்க்கரால் புள்ளி வையுங்கள். கடைக் கல்லில் மூன்று பக்கமும் துல்லியமாக ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. கடைசிவரை புள்ளியும் புள்ளியும் சேர்ந்தே இருக்கட்டும்.

2. கூட்டின் அடியிலிருந்து ஒரே உயரத்தில் மூன்று நகங்களிலும் உள்பக்கம் கோடு கீறுங்கள். கோடு ஏறி இறங்கினால் கல் சாய்ந்து உட்காரும்.

3. அந்தக் கோட்டில் சின்ன பர் (சுழலும் வெட்டுமுனை) வைத்துக் காடி, அதாவது கல்லின் விளிம்பு உட்காரும் பள்ளம், வெட்டுங்கள். ஆழம் நகத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு போதும். பாதியைத் தாண்டினால் மடக்கும்போது நகம் ஒடியும்.

4. நான் தவறவிட்டது இதைத்தான். ‘வி’யின் உள்மூலையில், காடி இருக்கும் அதே உயரத்தில், உருண்டை பர்ரால் ஒரு குழி தோண்டுங்கள். கல்லின் முனை அந்தக் குழிக்குள் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். பாரத்தை முனைக்கு இருபுறமும் உள்ள விளிம்புதான் தாங்கணும். முனை உலோகத்தை முட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் அழுத்தும் விசை முழுக்க அந்த ஊசி நுனியில் இறங்கும், அப்புறம் ‘டிக்’கென்று ஒரு சத்தம். சரிபார்க்க கண்மை நல்லது. விளிம்பில் லேசாகத் தடவி, கல்லை வைத்து எடுத்துப் பாருங்கள். மை இருபுறமும் ஒட்டியிருக்க வேண்டும், மூலையில் ஒட்டியிருக்கக் கூடாது. நான் ஏழெட்டு முறை வைத்து எடுத்தேன், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

5. மடக்குவது. வட்டக் கல்லில் ஒரு நகத்தை அழுத்தினால் அடுத்து எதிர் நகத்துக்குப் போவோம். முக்கோணத்தில் முனைக்கு எதிரே நகமே கிடையாது, வெறும் பக்கம்தான். ஒன்றை முழுக்க மடக்கினால் கல் அந்தப் பக்கம் நழுவும். அதனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து சுற்று வாருங்கள். முதலில் ‘வி’யின் இரு சிறகுகள், கடைசியில்தான் நுனி, அதுவும் மெதுவாக. இதற்குக் குறடு எனக்குப் பிடிக்காது. நழுவினால் நேரே கல்லில் போய் இடிக்கும். பித்தளை முனை வைத்த தள்ளுகோல்தான் என் கைக்கு ஒத்துவருகிறது. கூட்டை அரக்கில் இறுக்கிக்கொண்டால் இரு கையும் உங்களுடையது.

6. ஒரு பக்கம் பல் இல்லாத அரத்தால், அந்த வழுக்கைப் பக்கம் கல்லை நோக்கி இருக்கும்படி, நுனிகளை ராவுங்கள். பஞ்சை இழுத்துப் பார்த்தால் மாட்டக் கூடாது.

பிற்சேர்க்கை: நகம் மூன்றும் படிந்த பிறகும் கல் ஆடுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். மேலிருந்து இன்னும் அழுத்தாதீர்கள். அநேகமாக ஒரு காடி மற்ற இரண்டையும்விடத் தாழ்வாக இருக்கும், கல் அங்கே அந்தரத்தில் நிற்கும். நகங்களைத் திறந்து கல்லை எடுங்கள். உயரமாக நிற்கும் மற்ற இரண்டையும் அதன் மட்டத்துக்கு இறக்கிவிட்டு, கண்மையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.