சிறிய அறக்கட்டளைக்கு வரும் நன்கொடை: ரசீதில் தொடங்குங்கள்

பணம் கைக்கு வந்த அன்றே ரசீது போடுங்கள். வரிசை எண் அச்சிட்ட புத்தகம் வேண்டும். பெயர், முகவரி, பான் எண், எந்த வேலைக்கான பணம் என எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதும்போது தப்பாகிவிட்டால் கிழித்து எறியாதீர்கள். ‘ரத்து’ என்று குறுக்கே எழுதி, அடிக்கட்டையோடு பின் அடித்து வையுங்கள். காணாமல் போன ஒரு எண் போதும், தணிக்கையில் மொத்தக் கணக்கின் மேலும் சந்தேகம் விழும்.

ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. வங்கி வழியே அனுப்பச் சொல்லுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது வெளிநாட்டுப் பணத்தில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உறவினர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சேமிப்பை வங்கி வழியாகத் தரலாம். பாஸ்போர்ட் நகலை ரசீதோடு வையுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, ஊருக்கு வந்து இந்திய ரூபாயாகவே நீட்டினாலும்.