வீட்டுப் பிள்ளையின் முதல் பியானோ ஆல்பத்தை எப்படிக் கேட்பது

குடும்ப வாட்ஸாப் குரூப்பில் லிங்க் வந்து விழுந்த நாலாவது நிமிடம் "சூப்பர் கண்ணா, அருமை" என்று போட்டுவிடாதீர்கள். ஆல்பம் நாற்பது நிமிடம் ஓடுகிறது, நீங்கள் கேட்கவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியாமலா போகும்? "பார்த்தேன்பா, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கிறேன்" என்று எழுதுங்கள், போதும். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு பியானோ ஆல்பம் போட்டிருக்கிறான். எல்லாம் அவனே அமைத்தது, பாட்டு வரி கிடையாது, பாடுகிறவர் கிடையாது. சினிமாப் பாட்டும் கோயில் பஜனையும் கேட்டுப் பழகிய எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அதை எங்கே பிடித்துக்கொள்வது என்றே புரியவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று வந்திருந்தால் இது உங்களுக்கு.

முதலில், போன் ஸ்பீக்கர் வேண்டாம். பியானோவின் கடைசிக் கீழ்க்கட்டை 27.5 ஹெர்ட்ஸ், நடுவில் இருக்கும் ஸி ஏறக்குறைய 262. அந்த நடுக்கட்டைக்குக் கீழே இறங்க இறங்க போன் ஸ்பீக்கரில் ஒலி தேய்ந்துகொண்டே போகும், அதாவது இடது கை வாசிப்பதில் பெரும்பகுதி உங்களுக்கு வந்தே சேராது, அப்புறம் "கொஞ்சம் கனம் குறைவா இருக்கேப்பா" என்று அவனிடமே குறை சொன்னால் என்ன நியாயம்? சாதாரண வயர் இயர்போன் போதும். காரிலும் வேண்டாம். மெதுவாக வாசிக்கும் இடத்தை எஞ்சின் சத்தம் விழுங்கும், நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள், அடுத்த நொடி அவன் இரண்டு கையையும் போட்டு அடிப்பான். ஷஃபிளை அணைத்துவிட்டு அவன் வைத்த வரிசையிலேயே கேளுங்கள்.

முதல் தடவை எதையும் ஆராயாமல் ஓடவிடுங்கள். இரண்டாவது தடவை இடது கையை மட்டும் பின்தொடருங்கள். "திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதானே வருது" என்று எங்கள் மாமா சொன்னார், உண்மைதான், நாலு கார்டு, அதாவது கட்டைகளைக் கூட்டாக அழுத்தும் ஸ்வரக் கூட்டுகள் நாலு, சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் அது இந்த ஊர் வழக்கம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோஹானஸ்பர்க் சேரிகளில் பியானோவிலும் ஆர்கனிலும் வாசித்த மராபி இசை அப்படித்தான் சுழலும். கேப்டவுனில் 1934ல் பிறந்த ஜாஸ் கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் பியானோவிலும் அது கேட்கும். டர்பனில் வளர்ந்த பிள்ளையின் கைக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுழற்சி மாறாது, அதன் மேல் வலது கை ஒவ்வொரு சுற்றிலும் எதை மாற்றுகிறது என்பதுதான் விஷயம்.

ராகம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வெள்ளைக் கட்டைகளை மட்டும் ஸியில் தொடங்கி மேல் ஸி வரை வாசித்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், அதே கட்டைகளை ஏயில் தொடங்கினால் நடபைரவி. அதனால் "ஏதோ தெரிந்த ராகம் மாதிரி இருக்கே" என்று தோன்றுவது பிரமை இல்லை. ஆனால் கமகத்தைத் தேடாதீர்கள், பியானோவில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. பதிலுக்கு அது வேறு ஒன்று செய்யும்: மேலே ஒரே ஸ்வரம் நிற்கும், கீழே கூட்டாக அழுத்தும் கட்டைகள் மாறும், அதே ஸ்வரம் முதலில் சாந்தமாகவும் அடுத்து தவிப்பாகவும் கேட்கும். இந்த இடங்களைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் வரிகள் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது.

அப்புறம் அறையைக் கேளுங்கள். இவன் ஸ்டுடியோவுக்குப் போகவில்லை, ஆயா வீட்டுப் பழைய பியானோவிலேயே பதிவு செய்தான், கடற்கரை ஈரக்காற்றில் மரம் ஊதி சுருதி லேசாக நகர்ந்த பியானோ அது. பெடலை விடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம். நாலாவது டிராக்கில், மெதுவாக அடங்கும் ஒரு கார்டின் நடுவே, கூரை மேலிருந்து ஒரு ஹடீடா பறவை 'ஹா... ஹா...' என்று கத்துகிறது. எனக்கு ஆல்பத்திலேயே பிடித்த இடம் அது. அக்காவுக்கோ அதை வெட்டியிருக்கலாம் என்று எண்ணம்.

இப்போது என்ன சொல்வது? ஒரு இடத்தைச் சொல்லுங்கள், டிராக்கும் நிமிடமும் சேர்த்து. "நாலாவதில் அந்தப் பறவையை வேண்டுமென்றே விட்டு வைத்தாயா?" என்று கேட்டேன். "சித்தி, அதுக்காகத்தான் அந்த டேக்கையே எடுத்தேன்" என்று ஆரம்பித்து நீளமாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். அதற்கு முன் வந்த கைதட்டல் எமோஜிகளுக்கெல்லாம் ஒரே ஒரு தேங்க்ஸ்தான் போட்டிருந்தான். பிடிக்காத டிராக் இருந்தால், பிடித்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள், அவனாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். "இளையராஜா பாட்டு ஒண்ணு வாசியேன்", "இதுல சோறு கிடைக்குமா" இரண்டும் வேண்டவே வேண்டாம்.

சோறு என்றதும் காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 30 நொடியாவது ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு, பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை ஓடாத டிராக்குக்கு 2024லிருந்து ஒரு சென்ட்கூடக் கிடையாது. அதனால் விலைக்கு டவுன்லோடு வைத்திருந்தால் அதை வாங்குங்கள். இசையமைப்பவர்களுக்கு ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் சாம்ரோ அமைப்பில் பதிவு செய்துவிட்டானா என்றும் கேளுங்கள், நாளைக்கே இங்கே இந்தியர்களுக்கான வானொலியான லோட்டஸ் எஃப்.எம்.மில் ஒரு டிராக்கைப் போட்டார்கள் என்றால் இசையமைத்தவனுக்கு வரவேண்டிய ராயல்டி அந்த வழியாகத்தான் வரும். எங்கள் பிள்ளை இன்னும் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை, அக்கா பின்னால் நின்று நிரப்ப வைத்துக்கொண்டிருக்கிறாள்.